என்ட்ரோபி: குடல் பாக்டீரியாக் கணக்கில் ‘ஐயளவு’

என்ட்ரோபி: ஒரு வினாவுக்கு விடை தெரியுமுன் இருக்கும் ஐயத்தின் அளவு. அலகு: பிட்.

சொல்லைப் படைத்தவர் ஜெர்மன் இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ், 1865இல். கிரேக்கத்தில் ‘த்ரோப்பே’ என்றால் திருப்பம், மாற்றம். ‘எனர்ஜி’ என்ற சொல்லோடு ஒத்து ஒலிக்கட்டும் என்றே முன்னால் ‘என்’ சேர்த்தார். அவர் பேசியது வெப்பம் பற்றி. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாடு ஷானன் செய்தித் தொடர்புக்குக் கணிதம் வகுத்தபோது, வெப்ப இயற்பியலில் பிறகு வந்த என்ட்ரோபிச் சூத்திரத்தின் வடிவமே அதற்கும் இருந்ததால் பெயரும் அதுவே ஆனது. பிறகு சூழலியலில் புகுந்து ‘ஷானன் பன்மைக் குறியீடு’ ஆயிற்று.

தமிழில் ‘என்ட்ரோபி’, இலங்கை வழக்கில் ‘எந்திரப்பி’, இன்னும் ‘சிதறம்’, ‘ஒழுங்கின்மை’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். வெப்பவியலுக்குச் ‘சிதறம்’ பொருந்தும். குடலுக்கு ‘ஒழுங்கின்மை’ தவறான படத்தையே தரும்: பல இனங்கள் சமமாக வாழும் குடலில் இந்த அளவு உயரும், அதைக் குலைவு என்று சொல்ல முடியாது. நன்னூல் சொல்லும் அறுவகை வினாக்களில் ஒன்று ஐயவினா. ‘கிடப்பது பாம்பா, கயிறா?’ இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால், அதைத் தீர்க்கும் விடையின் அளவு சரியாக 1 பிட். ஆகவே ‘ஐயளவு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறோம்.

கணக்கு இது: ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அதன் இரண்டடிமான மடக்கையால் பெருக்கிக் கூட்டி, குறியை மாற்றுங்கள். 4 இனங்கள் தலா 25% என்றால் 2 பிட். 50, 25, 12.5, 12.5 என்றால் 1.75, ஒன்றே 97% பிடித்து மற்றவை தலா 1% என்றால் ஏறத்தாழ 0.24. ‘ஆர்’ (R) என்ற நிரல்மொழியில் சூழலியலுக்கான ‘வீகன்’ (vegan) தொகுப்பு இயல் மடக்கையில் கணக்கிடுவதால், முதல் எடுத்துக்காட்டுக்கு 1.39 என்று காட்டும். அடிமானம் எதுவென்று பார்க்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிடக் கூடாது.

கணினிக் குடலில், அதாவது இனங்களின் வளர்ச்சி வீதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றின் தாக்கத்தையும் லோட்கா–வோல்டெரா எனும் இனத்தொகைச் சமன்பாடுகளில் இட்டு ஓட்டும்போது, பெரிய குழப்பம் ஒன்று வரும். ஐயளவு எதைப் பற்றிய ஐயம்? ஒரு குடலுக்குள் ‘எடுத்த பாக்டீரியா எந்த இனம்?’ என்பது ஒன்று. பல ஓட்டங்களுக்கிடையே ‘இந்த இனம் எவ்வளவு இருக்கும்?’ என்பது வேறொன்று. எல்லா ஓட்டமும் ஒரே நிலைப்புள்ளியில், அதாவது எண்ணிக்கைகள் மேலும் மாறாத நிலையில், போய் நின்றால் இரண்டாவது ஐயம் பூச்சியம். முதலாவது 2 பிட்டாகவே இருக்கலாம். இனங்களின் உறவை அளப்பது இரண்டாவது ஐயத்தை வைத்தே; அது பூச்சியமானதால், இனங்களுக்கிடையே உறவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். மாதிரியில் சமவாய்ப்பு இரைச்சலையோ, உணவு மாற்றம் போன்ற குலுக்கலையோ சேர்த்தால்தான் உறவு வெளிப்படும்.

அந்த உறவின் அளவுக்கு (mutual information) ‘பகிர்தகவல்’ என்பது நல்ல சொல்; ‘பரிமாற்றம்’ என்றால் கொடுக்கல் வாங்கல் தொனித்துவிடும். பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியா வெளிவிடும் அசிட்டேட்டை ஃபீகாலிபாக்டீரியம் என்ற இன்னொன்று உண்டு பியூட்டிரேட் ஆக்குகிறது. முதலாவதன் அளவை அறிந்தால் இரண்டாவதைப் பற்றிய ஐயம் எத்தனை பிட் குறைகிறதோ, அதுவே பகிர்தகவல். அளவுகளைக் கட்டங்களாகப் பிரித்து எண்ண வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: இரு இனத்துக்கும் 8 கட்டம், 100 மாதிரி என்றால், உறவே இல்லாதபோதும் சராசரியாக 0.35 பிட் பொய்யாகத் தோன்றும். 4 கட்டம் என்றால் 0.065 அளவே. ஓர் இனத்தின் அளவுகளின் வரிசையை 1,000 முறை கலைத்துப் போட்டு, கிடைக்கும் மதிப்புகளோடு ஒப்பிட்ட பிறகே எண்ணை நம்புங்கள். மாதிரிகளைத் தனித்தனி ஓட்டங்களிலிருந்து எடுங்கள். ஒரே ஓட்டத்தின் அடுத்தடுத்த கணங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், கலைத்துப் போடும் சோதனையும் ஏமாற்றிவிடும். சதவீதப் பங்குகளை விட்டு எண்ணிக்கையையே எடுங்கள். மொத்தம் 100 என்றிருப்பதால் ஒன்று ஏறினாலே மற்றவை இறங்குவதாகக் காட்டும். கணினியில் உண்மையான எண்ணிக்கை கையிலேயே இருக்கிறது.