நீதிமன்ற வாசலில் குழந்தையோடு உட்காரப் போகிறவர்களுக்கு

ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட் நீதிமன்றமானாலும் கோலாலம்பூர் ஜாலான் டூத்தா வளாகமானாலும் காலை எட்டரைக்கெல்லாம் வரச் சொல்லிவிடுவார்கள். வழக்கைக் கூப்பிடப் பதினொன்று ஆகலாம். கூப்பிட்ட கையோடு வேறு தேதிக்குத் தள்ளியும் வைக்கலாம். அந்த இரண்டரை மணி நேரம் ஓர் ஒன்பது வயதுப் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் துணைக்கு வரும் தன்னார்வலரின் பாதி வேலை இருக்கிறது.

இதற்கு வக்கீல் படிப்பு வேண்டாம். 1977இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நீதிபதி டேவிட் சூக்கப், பயிற்சி பெற்ற பொதுமக்களைப் பிள்ளைகளுக்காக நியமித்தார். பிள்ளையின் வீட்டையும் பள்ளியையும் விசாரித்து, பார்த்ததை நீதிமன்றத்தில் அவர்களே சொல்வார்கள். நம் மலேசியாவின் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தில் அப்படியொரு பதவி இல்லை. சமூக நல இலாகாவின் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார். மாஜிஸ்திரேட்டுக்கு உதவ ஆலோசகர்கள் இருவர், அவர்களில் ஒருவர் பெண். தன்னார்வலராக வருகிறவர் ஓர் அமைப்பின் வழியாக வருவதே முறை. பினாங்கில் டபிள்யூசிசி என்று எல்லாருக்கும் தெரிந்த மகளிர் மையம் 1985 முதல் இயங்குகிறது. சிறார் நீதிமன்றக் கதவு பொதுமக்களுக்குத் திறந்ததல்ல. வழக்கில் நேரடித் தொடர்பில்லாதவர் உள்ளே உட்கார நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதை முன்கூட்டியே கேட்டு வைக்காமல், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து அங்கே கையை விட்டுவிடும் நிலையை மட்டும் உண்டாக்காதீர்கள்.

பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை என்று வரும் பாதுகாப்பு வழக்கு வேகமாக நகரும். அதிகாரியோ போலீசோ தற்காலிகப் பொறுப்பில் எடுத்த பிள்ளையை, மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்டால் ஒழிய, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அதிகாரியின் அறிக்கையைப் பார்த்து மாஜிஸ்திரேட் முடிவெடுப்பார்: பெற்றோரிடமே பிணை எழுதி வாங்கி ஒப்படைக்கலாம், தகுதியான வேறொருவரிடம் விடலாம், இல்லையென்றால் காப்பிடத்துக்கு அனுப்பலாம். காப்பிட உத்தரவு மூன்று வருடம் அல்லது 18 வயது, எது முன்னதாக வருகிறதோ அதுவரை. 'தகுதியான வேறொருவர்' என்ற இடத்தில்தான் தன்னார்வலரின் உழைப்பு பலன் தரும். ஈப்போவிலோ சுங்கைப் பட்டாணியிலோ ஓர் அத்தையோ தாய்மாமாவோ இருப்பார். அறிக்கை எழுதும் அதிகாரிக்கு அது தெரியாமல் போகும். பெயர், முகவரி, வேலை, வீட்டில் எத்தனை பேர், பிள்ளை கடைசியாக அங்கே எப்போது தங்கியது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுங்கள். பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா என்று முதல் வாரமே கேளுங்கள். நம் சமூகத்தில் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. காப்பிடத்துக்குப் போன பிறகு பெற்றோரைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்வது பெரும்பாடு.

குற்றவியல் வழக்கில் பிள்ளை சாட்சி. 2007ஆம் ஆண்டு சிறார் சாட்சியச் சட்டத்தின்படி திரைக்குப் பின்னாலிருந்தோ வேறு அறையிலிருந்து நேரலையாகவோ சாட்சி சொல்லலாம். போலீஸ் எடுத்த வீடியோ பதிவையே முதல் விசாரணையாக ஏற்கலாம். ஆனால் குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வந்தே ஆக வேண்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்கவும் சட்டம் இடம் தருகிறது.

அப்படிக் கூட இருக்கப் போகிறவர், நடந்ததைப் பற்றிப் பிள்ளையிடம் எதுவும் கேட்கக் கூடாது. நல்ல மனத்தோடு "என்னம்மா நடந்துச்சு, அக்காகிட்ட சொல்லு" என்று கேட்டுவிட்டால், கேட்டவரும் சாட்சியாகலாம். தன் முறை வரும்வரை சாட்சி வெளியே நிற்க வேண்டும். பிள்ளைக்குத் தேவைப்படும் நேரத்தில் நீங்கள் நடைபாதையில் நிற்பீர்கள். பிள்ளை தானாகவே சொல்ல ஆரம்பித்தால் வாயை அடைக்க வேண்டாம். கேளுங்கள், குடையாதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லையே தமிழில், தேதியும் நேரமும் போட்டு எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது.

ஒத்திகையும் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "இப்படிச் சொல்லச் சொல்லி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்பதாக இருக்கும். பொம்மை, புதுச் சட்டை வாங்கிக் கொடுப்பதும் அந்தக் கேள்வியில்தான் கொண்டுபோய் விடும். சொல்லித் தரக்கூடியவை வேறு: யார் எங்கே உட்கார்வார்கள், கழிப்பறை எங்கே, "தெரியாது", "புரியல", "மறந்துட்டேன்" மூன்றும் சரியான பதில்கள். பெரியவர்கள் கேட்டால் ஆமா என்று சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு இந்த மூன்றும் ஒருவர் வாயால் சொன்னால்தான் தெரியும்.

மொழியில் வரும் தவறு பெரிது, அதைக் கவனிப்பவர்கள் குறைவு. பிள்ளை தமிழில் சொல்லும். பதிவு மலாயில் ஏறும். அம்மாவின் தம்பி மாமா, கடைக்காரர் மாமா, அம்மாவோடு வீட்டில் இருக்கும் ஆளும் மாமா. மாமாவும் சித்தப்பாவும் பெரியப்பாவும் மொழிபெயர்ப்பில் ஒரே 'பாக்சிக்' ஆகிவிட்டால், செய்தவர் யார் என்பதிலேயே சந்தேகம் வரும். சின்னப் பிள்ளைக்கு 'நேத்து' என்றால் போன மாதமும்தான். உடல் உறுப்புக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்த பெயர் 'அங்க' என்று மட்டும் இருக்கும். ஆகவே வீடியோ பேட்டிக்கு முன்பே, பிள்ளை வீட்டில் யாரை என்னவென்று கூப்பிடுகிறது, எந்த உறுப்புக்கு என்ன சொல், தீபாவளி, தைப்பூசம், பள்ளி விடுமுறை இவற்றில் எதை வைத்துக் காலம் சொல்கிறது என்பதை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். சம்பவத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் தவறினால் இருக்கையிலிருந்து திருத்தாதீர்கள். குறித்து வைத்து, இடைவேளையில் துணை அரசு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

பையில் தண்ணீர், பிஸ்கட், வண்ணப் பென்சில், ஒரு ஜாக்கெட், மாற்று உடுப்பு. நீதிமன்றத்துக்குள் ஏர்கான் குளிர் பெரியவர்களையே நடுங்க வைக்கும்.

பிள்ளையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதுவும் வெளியே போகக் கூடாது. சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவை மீறினால் 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கோயில் வாட்ஸ்அப் குழுவில் "இந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று படம் போடுபவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் அந்தப் படத்தைப் பள்ளியில் நாற்பது பேர் பார்ப்பார்கள்.

வழக்கு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். நடுவில் விலகும் எண்ணம் இருந்தால் தொடங்காமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது. தீர்ப்பு வந்த பிறகும் ஒருமுறை போய்ப் பாருங்கள். "அவர் வெளிய வந்துட்டாரா? நான் சொன்னது பொய்யாயிடுச்சா?" என்ற கேள்வி அன்றைக்குத்தான் வரும். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், பிள்ளை பொய் சொன்னதாக நீதிபதி சொல்லவில்லை என்றால், அதை எளிய தமிழில் விளக்கிவிட்டு, இதுதான் கடைசிச் சந்திப்பா, இன்னொரு முறை வருவீர்களா என்பதையும் தேதியோடு சொல்லிவிட்டு வாருங்கள்.

இதை வாசிக்கும்போதே பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று நினைவுக்கு வந்தால், தாலியான் காசே என்ற அரசு உதவித் தொலைபேசியின் எண் 15999. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.