சொல் விளக்கம்: ரொமாண்டிக் பாலே

ரொமான்ஸ் என்றதும் இன்று நமக்குக் காதல்தான் நினைவுக்கு வருகிறது. அதனால் ரொமாண்டிக் பாலேயைத் தமிழில் 'காதல் பாலே' என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதினால் பொருள் பாதிக்கு மேல் கெட்டுவிடும். இது ஒரு கலைப்போக்கின் பெயர். 1830களின் தொடக்கத்தில் பாரிஸ் ஓபராவில் உருவாகி, 1840களில் உச்சிக்குப் போய், விரைவிலேயே அங்கு மங்கிவிட்ட பாலே வகையை இது குறிக்கிறது.

ரொமாண்டிக் என்பதன் வேர் ரோம். இடைக்காலத்தில் படித்தவர்களின் மொழி லத்தீன். அதிலிருந்து கிளைத்து மக்கள் வாயில் புழங்கிய பேச்சுமொழிக்குப் பழைய பிரெஞ்சில் 'ரொமான்ஸ்' என்று பெயர். அந்த மொழியில் எழுதிய வீரர் கதைகளுக்கும் மாயக் கதைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சில் நாவலை இன்றும் 'ரொமான்' என்றுதான் சொல்கிறார்கள். கதையில் மட்டுமே நடக்கக்கூடிய, நடப்புக்கு அப்பாற்பட்ட ஒன்று என்ற பொருள் அப்படித்தான் வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் எழுத்தாளர்கள் அதை ஓர் இலக்கியப் போக்கின் பெயராக்கினார்கள். உணர்ச்சி, கனவு, இயற்கை, பேய், தொலைதூர நாடு எல்லாம் அதற்குள் அடக்கம். காதல் அவற்றில் ஒன்று.

பாலேயில் இந்தப் போக்கு என்ன செய்தது என்பதற்கு 'லா சில்ஃபீட்' போதும். 1832 மார்ச் 12 அன்று அரங்கேறியது. பிலிப்போ தாலியோனி தன் மகள் மரி தாலியோனிக்காக அமைத்த ஆட்டம். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் என்ற இளைஞன், கல்யாண நாளன்று நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறான். காற்றில் வாழும் தேவதை ஒருத்தி அவனை முத்தமிட்டு எழுப்புகிறாள். மணப்பெண்ணை விட்டுவிட்டு அவள் பின்னால் காட்டுக்குள் ஓடுகிறான். அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, சூனியக்காரி கொடுத்த சால்வையைத் தோளில் சுற்றுகிறான். சிறகுகள் உதிர்ந்து விழ, அவள் இறந்துபோகிறாள். காதல் இங்கே இருக்கிறதுதான். ஆனால் கதையை நடத்துவது கைக்கு எட்டாத ஒன்றின் மீதான ஏக்கம்.

அந்த ஏக்கத்தை உடம்பால் காட்டியதுதான் மரி தாலியோனியின் சாதனை. கால்விரல் நுனியில் நிற்பதை அவருக்கு முன்பே சிலர் செய்தார்கள், ஆனால் அது பெரும்பாலும் வித்தை காட்டலாகவே இருந்தது. அவர் அதைத் தரையில் கால் பாவாத தேவதையின் நடையாக்கினார். இன்றைய பாலே காலணியின் முனையில் இருக்கும் கெட்டியான பகுதி அன்று கிடையாது. மெல்லிய சாட்டின் காலணியின் முனையிலும் ஓரங்களிலும் நெருக்கமாக நூல் ஓட்டித் தைத்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் பாதத்தின் பலம். கணுக்காலுக்குச் சற்று மேலே முடியும் வெள்ளைப் பாவாடையும் நிலவொளி போல விழுந்த எரிவாயு விளக்கும் மீதியைப் பார்த்துக்கொண்டன. அந்த விளக்குக்கு ஒரு கொடிய விலையும் உண்டு. தாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி 1862இல் ஒத்திகையின்போது பாவாடையில் தீப்பிடித்து, மாதக்கணக்கில் துடித்து இறந்தார்.

அடுத்து 'பாலே' என்ற சொல். ஆடுதல் என்று பொருள்படும் பிற்கால லத்தீன் 'பல்லாரே'யிலிருந்து இத்தாலிய 'பல்லெத்தோ' வந்தது, அதிலிருந்து பிரெஞ்சு 'பாலே' வந்தது. இதே வேரிலிருந்து போர்த்துக்கீசியரும் ஒரு சொல் உண்டாக்கினார்கள்: 'பைலதேரா', ஆடுபவள். இந்தியக் கோயில் நடனப் பெண்களை அவர்கள் அப்படி அழைக்க, பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'பயதேர்' ஆயிற்று. தாலியோனியே 1830இல் பாரிஸ் ஓபரா மேடையில் ஒரு பயதேராக ஆடியிருக்கிறார். 1838இல் கடலூர் அருகே உள்ள திருவந்திபுரத்திலிருந்து நிஜமான தேவதாசிகள் ஐந்து பேர் பாரிசுக்கே போய் ஆடினார்கள். அவர்களில் அமானி என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய பெண்ணைப் பார்த்து வியந்து எழுதியவர் பிரெஞ்சுக் கவிஞர் தெயோஃபில் கோத்தியே. மூன்று ஆண்டுகளில், 1841இல், ரொமாண்டிக் பாலேயின் மகுடமான 'ஜிசெல்'லின் கதையை இன்னொருவரோடு சேர்ந்து அமைத்தவரும் அவரே. அந்தக் கனவுலகத்துக்குத் தீனி போட்டதில் நம் ஊர்ப் பெண்களின் ஆட்டத்துக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பாலேயை நாட்டிய நாடகம் என்று சொல்லலாம் என்றால், நம் நாட்டிய நாடகத்தில் பாட்டும் அதற்கான அபிநயமும் உயிர். பாலேயோ பெரும்பாலும் சொல்லே இல்லாமல் கதை சொல்வது. 'பாலே' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்ளலாம். ரொமாண்டிக் என்பதற்குத் தமிழகத்து விமர்சனத்தில் கற்பனாவாதம், புனைவியல் என்ற சொற்கள் உண்டு. ஈழத்து விமர்சகர்கள் 'மனோரதியம்' என்பார்கள். எனக்கு மனோரதியம்தான் பிடிக்கும், மனம் ஏங்கி ஓடுவது அதில் இருக்கிறது. ஆனால் பொது வாசகருக்குச் சட்டென்று விளங்குவது 'கற்பனாவாத பாலே'. முதல் முறை அப்படி எழுதி, பக்கத்திலேயே ரொமாண்டிக் பாலே என்றும் குறித்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. தேவதையும் வெள்ளை உடையும் வருகிற எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. 1877இல் மாஸ்கோவில் அரங்கேறிய 'ஸ்வான் லேக்', சோகக் காதல் கதையாகவே இருந்தாலும், அதற்கு அடுத்த காலத்தைச் சேர்ந்தது. அதைச் செவ்வியல் பாலே என்றுதான் வகைப்படுத்துவார்கள்.