பிளாசாவுக்கு கிரில் அடிக்கப் போகிறீர்களா?

சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு குடியிருப்பு. கீழே கடைகள், மேலே வீடுகள், நடுவில் பெரிய பிளாசா, அதாவது திறந்த முற்றம். குடிவந்து வருஷம் முடியவில்லை, அதற்குள் அசோசியேஷனிலிருந்து போன். “சார், பிளாசாவைச் சுற்றி கிரில் அடித்து ஆக்ஸஸ் கார்டு வைக்கலாம்னு இருக்கோம். வெளி ஆளுங்க வந்து உட்கார்றாங்க, ஒரு டிராயிங் போட்டுக் கொடுங்க.” பெங்களூரில் ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்பவர்களுக்கு இந்தப் போன் புதிதல்ல. எரிச்சல் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வருகிறது.

வெளி ஆள் வந்தால் ஆபத்து என்கிறார்கள். யார் அந்த வெளி ஆள்? மெடிக்கல் ஷாப்புக்கு வரும் பெரியவர், டியூஷன் முடிந்து பேக்கரியில் பப்ஸ் வாங்கும் பையன்கள், பக்கத்து ஆபீஸிலிருந்து காபிக்கு வருபவர்கள். இவர்கள் நடமாடுவதால்தான் ராத்திரி ஒன்பது மணிக்கும் உங்கள் மகள் பயமில்லாமல் கடைக்குப் போய் வருகிறாள். பயம் வருவது ஆளில்லாத இடத்தில். கேட்டைப் போட்டால் முதலில் பேக்கரி மூடும், அப்புறம் மெடிக்கல். வரிசையாக ஷட்டர் இறங்கிய அந்த இருட்டு நடைக்கு நாலு கேமரா வாங்கச் சொல்லி அடுத்த மீட்டிங்கில் தீர்மானம் போடுவீர்கள்.

நானூறு வீடு இருந்தால் நானூறு குடும்பமும் உள்ளேயே வாங்காதா என்று கேட்கிறார்கள். வாங்காது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள், மளிகை பாதி ஆப்பில் வருகிறது. நடுப்பகல் வியாபாரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். டெல்லி நேரு பிளேஸில் இது தலைகீழ். நடந்து போவதற்கென்றே கட்டிய முற்றம், பகலெல்லாம் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். கடையும் ஆபீஸும் மூடினால் வெறிச்சோடிவிடும், ஏனென்றால் அங்கே வீடு கிடையாது. பகலுக்குக் கடை, ராத்திரிக்கு வீடு. இரண்டையும் சேர்த்துக் கட்டுவதே இதற்காகத்தான். பெங்களூர் அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் கீழே கடை வைத்து மேலே குடியிருக்கும் நம் ஆட்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்கவில்லை.

பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைச் சரியான இடத்தில் போடுங்கள். ஒவ்வொரு பிளாக்கின் லாபி வாசலில் ஆக்ஸஸ் கார்டு, பேஸ்மென்ட்டிலிருந்து வரும் லிஃப்டில் இன்னொன்று. பிளாசா உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கும் இடம், அவ்வளவுதான்.

பில்டர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பது மீட்டர் அகலத்துக்கு கிரானைட் பதித்து, ஓரத்தில் நாலு தொட்டி வைத்தால் அது பிளாசா ஆகாது. எதிரில் வருபவரின் முகம் இருபது இருபத்தைந்து மீட்டருக்குள்தான் தெளிவாகத் தெரியும். அளவை அங்கிருந்து தொடங்குங்கள். ஏப்ரல் வெயிலில் கிரானைட் மேல் யார் நிற்பார்கள்? மரம் வேண்டும். ஆனால் கீழே இரண்டு பேஸ்மென்ட். கட்டடம் எழும்பிய பிறகு “புங்கை மரம் நாலு வைச்சுடலாமா சார்?” என்று கேட்டால் நான் எங்கே போவது? புல்லுக்கு ஒரு அடி மண் போதும், மரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். நனைந்த மண் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன். அந்தச் சுமையை முதல் நாளே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் சொல்ல வேண்டும். அதைவிட நல்லது, பிளாசாவில் ஒரு பகுதிக்குக் கீழே பேஸ்மென்ட்டே தோண்டாமல் விடுவது. நாலு கார் நிறுத்தம் குறையும், குறையட்டும். மழைத் தண்ணீருக்கும் மண்ணில் இறங்க ஓர் இடம் கிடைக்கும்.

2016 தேசியக் கட்டட விதித் தொகுப்புப்படி 45 டன் வரை எடையுள்ள தீயணைப்பு வண்டியைத் தாங்கும் தளமும், அந்த வண்டி போவதற்கு 6 மீட்டர் அகல வழியும் வேண்டும். அந்த வழி பெரும்பாலும் பிளாசா மேல்தான் போகும். அதில்தான் கொண்டுபோய் நீரூற்று கட்டுகிறார்கள், ஐஸ்க்ரீம் வண்டி நிறுத்துகிறார்கள். இப்போது கிரில் வேறு. தயவுசெய்து வேண்டாம்.

ஹோட்டல் சமையலறைப் புகைக்குத் தனிக் குழாய் மொட்டை மாடிக்கு மேல் வரை போக வேண்டும், இல்லையென்றால் முதல் மாடி படுக்கையறையில் தினமும் தாளிப்பு வாசனை. குப்பை வண்டிக்கும் டெலிவரி பைக்குகளுக்கும் பின்வழி கொடுங்கள். பொதுக் கழிப்பறை கட்டாயம். சாய்ந்து உட்கார நிழலில் பெஞ்சு போடுங்கள். “பெஞ்சு போட்டா உட்கார்ந்துடுவாங்களே” என்று ஒரு கிளையன்ட் சொன்னார். ஆமாம் சாமி, அதற்குத்தான் பெஞ்சு.

வீடு வாங்குபவர்களே, பில்டர் காட்டும் மாதிரி ஃப்ளாட்டில் சோபாவைப் பார்த்து மயங்காமல், கர்நாடக ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் அனுமதிபெற்ற பிளானைப் பாருங்கள். பிளாசா அதில் என்னவென்று குறிக்கப்பட்டிருக்கிறது? அங்கே பில்டர் பிறகு ஏதாவது மாற்ற நினைத்தால், 2016 ரேரா சட்டத்தின் 14-வது பிரிவின்படி வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். பொதுப் பகுதிதானே என்று காலியிடத்தில் கடை முளைத்தால், இந்தப் பிரிவைக் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் பிளாசாவைக் கூட்டுவது யார், கழிப்பறை கழுவுவது யார், விளக்குக்குக் கரண்ட் பில் கடைகளுக்கு எவ்வளவு வீடுகளுக்கு எவ்வளவு? கிரில் பேச்சு பாதி இந்தச் சண்டையில்தான் தொடங்குகிறது. ஒப்பந்தத்தில் இது எழுத்தில் இல்லையென்றால், எழுதித் தரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.