சராசரி ஆயுள் 70 என்பது யாருக்கு?

போன வாரம் பெங்களூரு அல்சூரில் என் கிளினிக்குக்கு ஒரு பெரியவர் மனைவியோடு வந்தார். வயது 67. பிபி 180/100. மாத்திரை அட்டையை மேசையில் வைத்தார். பத்தில் இரண்டுதான் பிரித்திருந்தது. "சராசரி ஆயுள் எழுபதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான் டாக்டர். இன்னும் மூணு வருஷத்துக்கு எதுக்கு இந்தச் செலவெல்லாம்?" இந்த மாதம் இதை நான் கேட்பது நான்காவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த 70 பொய்யில்லை. பிறப்பு, இறப்புகளைச் சில மாதிரி இடங்களில் எண்ணி அரசு வெளியிடும் மாதிரிப் பதிவு அறிக்கையில், 2016-20இல் இந்தியாவுக்கு அதுதான் கணக்கு. ஆனால் அது பிறந்த குழந்தைக்கான கணக்கு. ஒரு வயதாவதற்குள் போன குழந்தையும், இருபதில் பைக் விபத்தில் போன பையனும் அதற்குள் அடக்கம்.

"பத்துப் பெத்தேன், ஏழு தங்குச்சு" என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பிறந்த சில நாளில் போய்விட்டன. மற்ற ஏழு பேரும் 70 வரை இருந்தார்கள். சராசரி 49. ஆனால் 49 வயதில் அந்த வீட்டில் ஒருவர்கூடச் சாகவில்லை! சுதந்திரம் வந்த சமயத்தில் நம் சராசரி ஆயுள் சுமார் 32. உடனே, 'அந்தக் காலத்தில் முப்பதிலேயே போய்ச் சேர்ந்தார்கள்' என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்போதும் 80 வயதுத் தாத்தாக்கள் இருந்தார்கள். பச்சைக் குழந்தைகளின் சாவு அந்த எண்ணை மிகவும் கீழே இறக்கியது.

சரி, 60ஐத் தாண்டியவருக்கு என்ன கணக்கு? நம் நாட்டில் 60 வயதில் இருப்பவருக்கு இன்னும் சராசரியாகச் சுமார் 18 வருஷம். என் பெரியவருக்கு 67இலும் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கிறது. அதுவும் சராசரிதான், பலர் அதைத் தாண்டிப் போவார்கள். பிபி மாத்திரையை விட்டால் பக்கவாதம் வரலாம். அது உயிரை எடுக்காமல் ஒரு கையையும் காலையும் மட்டும் எடுத்துக்கொண்டால், மிச்ச வருஷமெல்லாம் கட்டிலில்தான். அப்படிப் படுத்தவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேப்பரில் ஆயுள் கணக்கு வந்தால், எந்த வயதிலிருந்து எண்ணியது என்று முதலில் பாருங்கள். கண்புரை ஆபரேஷனை 'இனி எதற்கு' என்று தள்ளாதீர்கள். பிள்ளைகளே, அப்பா அம்மா அப்படிச் சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மா அட்டையை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "காலையில நானே குடுத்துடறேன் டாக்டர்." அடுத்த செவ்வாய்க்கிழமை பிபி பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன்.