நடுவில் விழும் வெட்டுப்புள்ளி

சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த நாட்களில் என் பெறாமகள் கைபேசியில் ஓர் ஆளுமைச் சோதனை செய்தாள். வந்த நான்கு எழுத்துகளில் முதலாவது ‘ஐ’. அகமுகி, அதாவது இன்ட்ரோவர்ட். “சித்தப்பா, நான் ஆக்களோட பழகிற ஆள் இல்லையாம். அப்ப டொக்டர் வேலை எனக்குச் சரிவராது, என்ன?” என்று கேட்டாள். இரண்டு மாதம் கழித்து மறுபடி செய்தாள். அந்த எழுத்து ‘ஈ’ ஆகிவிட்டது, புறமுகி. பிள்ளை குழம்பிப்போனாள்.

சுவிட்சர்லாந்து உளமருத்துவர் கார்ல் யுங் 1921இல் மனிதர்களின் உளப்பாங்கை வகை பிரித்து எழுதினார். அதை அடிப்படையாக வைத்து அமெரிக்காவில் கத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் உருவாக்கியதுதான் இந்த நான்கெழுத்து, 16 வகைச் சோதனை. நான்கு அளவுகோல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டினால் 16 பெட்டிகள் வரும். சிக்கல் அந்த வெட்டில்தான் இருக்கிறது.

இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியோடு வளர்ந்த நமக்கு இது சட்டென்று விளங்கும். வெட்டுப்புள்ளிக்கு நான்காம் தசமதானத்தில் மேலே நிற்பவரும் கீழே நிற்பவரும் கெட்டித்தனத்தில் ஒன்றுதான். இருந்தும் ஒருவர் மருத்துவபீடம் போவார், மற்றவர் திரும்பவும் ரியூசனுக்குப் போவார். அங்கே இடங்கள் குறைவு, எங்காவது வெட்டத்தான் வேண்டும். ஆளுமைக்கு அந்தக் கட்டாயமே இல்லை. அதோடு, மருத்துவபீட வெட்டுப்புள்ளி விழுவது உச்சியில், சிலர் மட்டும் நிற்கும் இடத்தில். ஆளுமையின் வெட்டு விழுவது சனம் நெருங்கி நிற்கும் இடத்தில். ஊரில் கலகலப்பை அளந்து பாருங்கள்: ஓயாமல் பேசுபவர் கொஞ்சப்பேர், வாயே திறக்காதவர் கொஞ்சப்பேர், மீதிப்பேர் எல்லாரும் நடுவில். முதல்நாள் நித்திரை குறைந்து ஒரு கேள்விக்கு வேறு விடை கொடுத்தாலே போதும், கோட்டுக்கு மறுபக்கம் போய்விடுவோம். சில வாரங்களில் மறுபடி எழுதியவர்களில் பாதிப்பேர் அளவுக்கு வேறு வகை கிடைத்த ஆய்வுகள் உண்டு.

அதனால் இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் பெட்டிகளை விட்டுவிட்டு, ஐந்து பண்புகளில் யாருக்கு எது எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள்: புதியதை நாடுதல், பொறுப்பாகச் செய்து முடித்தல், கலகலப்பு, இணங்கிப்போதல், எளிதில் கலங்குதல்.

சரி, அந்த ‘எவ்வளவு’ நிலையானதா? வில்லியம் ஃபிளீசன் என்ற உளவியலாளர், ஒரு நாளில் பல தடவை தாங்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஆட்களைக் குறிக்கச் சொன்னார். 2001இல் வெளியான அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே ஆள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் மிக அமைதியாகவும் இருந்தார், மிகக் கலகலப்பாகவும் இருந்தார். ஆனால் அவருடைய சராசரி மட்டும் வாரத்துக்கு வாரம் அநேகமாக மாறவில்லை. சோதனை காட்டுவது அந்தச் சராசரியைத்தான்.

சராசரியிலிருந்து நம்மை விலக்குவது எது? கனடா உளவியலாளர் பிரையன் லிட்டில் சொல்லும் காரணங்களில் ஒன்று, நாம் பெரிதாக மதிக்கும் வேலை. அதற்காக மனிதர் தம் இயல்பையும் மீறி நடப்பார்கள். அமைதியான ஆசிரியர் வகுப்பில் நாடகமே போட்டுக் காட்டுவார். ஆனால் அப்படி நீண்டநேரம் இருந்தால் களைப்பு வரும், பிறகு தன் இயல்புக்குத் திரும்ப ஓர் ஒதுக்கிடம் வேண்டும் என்கிறார் லிட்டில். ஆகவே வகையைப் பார்த்து நோக்கத்தைத் தேடுவது தலைகீழான வழி என்றே நினைக்கிறேன். எதற்காக நம் இயல்பை மீறினோம் என்று தேடினால் கூடுதலாகத் தெரியவரும்.

பெறாமகளிடம் அதைத்தான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அம்மம்மா வாட்டில் இருந்த கிழமையைச் சொன்னாள். பக்கத்துக் கட்டில் ஆச்சிமார் எல்லோருக்கும் எந்தக் குளிசையை எப்போது போடவேண்டும் என்று இவள்தான் விளங்கப்படுத்தினாளாம். அவர்களில் ஒருவரையும் முன்பின் தெரியாது.

இப்போது உயிரியல் படிக்கிறாள். ரியூசன் முடிந்து வந்ததும் அரை மணித்தியாலம் கிணற்றடியில் தனியே இருப்பாள். அந்த நேரம் அவளை நாங்கள் கூப்பிடுவதில்லை.