ஃபெரங்கி என்னும் பறங்கி

‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் அமெரிக்க அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரில் 1987ஆம் ஆண்டு எதிரிகளாக அறிமுகமான வேற்றுலக இனத்தின் பெயர் ஃபெரங்கி. அகன்ற காதும் கூரிய பல்லும் உடைய இவ்வினத்தாருக்கு இலாபமே சமயம். 285 விதிகள் அடங்கிய வணிகத் தொகுப்பு ஒன்றை வேதம்போல் மனப்பாடம் செய்திருப்பார்கள். கைக்கு வந்த பணத்தை ஒருபோதும் திருப்பித் தரலாகாது என்பது அதன் முதல் விதி.

பெயர் புதிதன்று. இடைக்கால ஐரோப்பாவில் ஆட்சி செலுத்திய ஜெர்மானியக் குடியினர் பிராங்குகள். பிரான்ஸ் என்ற நாட்டுப் பெயரும் அவர்களால் வந்ததே. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலுவைப் போர்கள் தொடங்கியபோது, வந்தவர் எந்நாட்டவராயினும் அரபுமொழியார் அவர்களை ‘இஃப்ரஞ்ச்’ என்றே சுட்டினர். பாரசீகத்தில் ‘ஃபரங்கி’ என வழங்கிய அச்சொல் கடல்வணிகத்தோடு கிழக்கே பரவி, 1498இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய பின்னர்த் தென்னாட்டில் அவர்களுக்கு உரிய பெயராக நிலைத்தது. தமிழில் அது பறங்கி. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் குழம்பில் சேர்ந்துவிட்ட பறங்கிக்காய் ஆகியவற்றில் அச்சொல் இன்றும் புழங்குகிறது. மேகநோய்ப் புண்ணுக்கும் ‘பறங்கிப்புண்’ என்று பெயர் வைத்தவர்கள் வந்தவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லில் படிந்திருந்த இழிவு சிறிதன்று. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் டி நொபிலி, தாம் பறங்கியல்லர் என்று வலியுறுத்திய பிறகே உயர்குடியினரிடம் பேச்சைத் தொடங்க முடிந்தது. மூன்று நூற்றாண்டு கழித்து, ‘வெள்ளைப் பரங்கியைத் துரையென்ற காலமும் போச்சே’ என்று பாரதி பாடியபோது, துரை என்பது அதிகாரம் கேட்டு வாங்கிய பெயராகவும், பரங்கி என்பது ஆளப்பட்டவர் தமக்குள் வைத்துக்கொண்ட பெயராகவும் எதிரெதிரே நின்றன.

மேற்கத்தியரின் வணிக வேட்கைக்குக் கிழக்கு நாட்டார் சூட்டிய அப்பெயரை மேற்கத்தியத் தொடரே தன் பேராசைக்கார எதிரிகளுக்கு வைத்தது என்பதில்தான் இச்சொல்லின் கூர்மை இருக்கிறது. அவர்கள் முதன்முதலாகத் தோன்றும் பகுதியிலேயே பழைய அமெரிக்க யாங்கி வணிகரோடு ஒப்பிடப்படுகிறார்கள். ஆனால் அச்சமூட்டும் பகைவராகப் படைக்கப்பட்டவர்கள் திரையில் கோமாளிகளாகவே தெரிந்தார்கள். 1989இல் போர்க் என்ற வேறோர் எதிரியைத் தொடர் தேடிக்கொண்டது. அந்தத் தோல்வி நல்லதாயிற்று என்றே சொல்வேன். 1993இல் தொடங்கிய ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்னும் மற்றொரு ஸ்டார் டிரெக் தொடரில் குவார்க் என்னும் மதுக்கடைக்காரனாக ஃபெரங்கி அருகில் வந்து நின்றபோதுதான், அவனுடைய கொள்கையை உள்ளிருந்து பார்க்க முடிந்தது. 1996இல் வந்த ஒரு பகுதியில் குவார்க்கின் கடை ஊழியர்கள் சங்கம் அமைக்கிறார்கள். அவர்களுள் ஒருவனும் குவார்க்கின் தம்பியுமான ரோம், ஃபெரங்கித் தொழிலாளி சுரண்டலை ஒழிக்க விரும்புவதில்லை, தானும் சுரண்டுபவனாக உயரும் வழியையே தேடுகிறான் என்று முன்னதாக விளக்குகிறான். முதலாளியின் ஆசை தொழிலாளியின் கனவுக்குள்ளும் குடியேறிவிடுவதால்தான் அக்கொள்கை நிலைக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது. 1994ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில் குவார்க்கே மனிதத் தளபதியைப் பார்த்து, அடிமைமுறையும் வதைமுகாம்களும் உங்கள் வரலாற்றில் உண்டு, எங்களிடம் இல்லை என்று திருப்பிக் கேட்கிறான்.

குறையும் உண்டு. பெரிய காது, பணவெறி என்ற வார்ப்பு ஐரோப்பாவில் யூதரை இழித்து வரைந்த கேலிச்சித்திரங்களை நினைவூட்டுகிறது என்ற கண்டனம் புறந்தள்ளத்தக்கதன்று. பேராசையை ஒரு கொள்கையின் விளைவாகக் காட்டாமல் ஓர் இனத்தின் பிறவிக்குணமாகக் காட்டினால், பார்ப்பவர் தம்மை அதிலிருந்து எளிதாக விலக்கிக்கொள்வார்.

இப்பெயர்களின் தமிழாக்கத்துக்கு வருவோம். அவர்களுடைய விதித்தொகுப்பை ‘ஈட்டல் விதிகள்’ எனலாம். ‘ஈட்டம் இவறி இசைவேண்டா ஆடவர் தோற்றம் நிலக்குப் பொறை’ என்னும் குறள் பொருள் சேர்ப்பதை ஈட்டம் என்றும், அதில் கொள்ளும் பற்றை இவறல் என்றும் குறிப்பதால், இரண்டு சொல்லும் நமக்கு ஆயத்தமாகவே உள்ளன. இனத்தின் பெயரை ஃபெரங்கி என்று ஆய்த எழுத்திட்டு அயற்சொல்லாக எழுதினால், படிப்பவருக்குப் பறங்கி நினைவுக்கு வராது. பெயரில் இருக்கும் குத்தலும் போய்விடும். வெறுமனே பறங்கியர் என்பதும் பொருந்தாது. இலங்கையில் போர்ச்சுகீசிய, டச்சு வழியினரான சமூகத்துக்கு அதுவே இன்றும் இயல்பான தமிழ்ப் பெயர். எனவே ‘விண்பறங்கியர்’ என்று அடைசேர்த்து வழங்குவதையே நான் பரிந்துரைப்பேன். வல்லின றகரம் இட்டு எழுதுவது அகராதி வழக்கு, இடையின ரகரத்தில் எழுதினாலும் பிழையில்லை.