பரோக்: கோணல் முத்திலிருந்து வந்த கலைச்சொல்

17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஓவிய, கட்டடப் பாணி ஒன்றைக் குறிக்கும் 'பரோக்' முதலில் கலைச்சொல்லே அல்ல, நகை வணிகர்களின் சொல். உருண்டு திரளாமல் மேடும் பள்ளமுமாக இருக்கும் முத்தைப் போர்த்துக்கீசியர் 'பர்ரோக்கு' என்றார்கள். நாம் கொண்டாடும் ஆணிமுத்துக்கு நேர் எதிரானது அது. பிரெஞ்சு மொழிக்கும் இந்தப் பொருளோடுதான் போனது. பிரெஞ்சு அகாதெமியின் முதல் அகராதி (1694) இதை உருட்சி குறைந்த முத்துக்கு மட்டுமே உரிய சொல்லாகக் காட்டுகிறது. 1740 பதிப்பில்தான் 'ஒழுங்கற்ற, விசித்திரமான' என்ற பொருள் சேர்ந்தது.

அதற்குள், பாரிசுக்கு அருகே பிரெஞ்சு மன்னரின் வெர்சாய் அரண்மனையில் கண்ணாடிக்கூடம் கட்டி முடித்து (1684) அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதைக் கட்டியவர்கள் யாரும் தங்கள் வேலையை பரோக் என்று அழைக்கவில்லை. பெயர் பின்னால் ஒட்டியது, அதுவும் வசைச்சொல்லாக. அந்த வசையை நீக்கி, ஒரு காலப் பாணியின் பெயராக இதை நிலைநிறுத்தியதில் கலை வரலாற்றாசிரியர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் 1888-இல் எழுதிய ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

பிரான்சுக்கு இந்தப் பாணி ரோமிலிருந்து வந்தது. ஓவியர் சிமோன் வூயே 1627-இல் இத்தாலியிலிருந்து பாரிஸ் திரும்பியது தொடக்கப்புள்ளி. பாரிசில் 1645-இல் பணி தொடங்கிய வால்-த-கிராஸ் தேவாலயத்தில் ரோமின் சாயல் அப்பட்டம்: பலிபீடத்தைச் சுற்றி ஆறு முறுக்குத் தூண்கள், மேலே குவிமாடத்தில் மின்யார் தீட்டிய 200-க்கும் மேற்பட்ட உருவங்கள்.

ஆனால் பிரான்ஸ் எல்லாவற்றையும் அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. 1665-இல் மன்னர் பதினான்காம் லூயி, லூவ்ர் அரண்மனையின் கிழக்கு முகப்புக்காக ரோமின் பெயர்பெற்ற சிற்பியும் கட்டடக் கலைஞருமான பெர்னினியையே பாரிசுக்கு அழைத்தார். அவருடைய முதல் திட்டத்தில் நடுப்பகுதி வெளியே புடைத்து நிற்க, இரு பக்கமும் உள்ளே குழிந்து வளைந்தன. அதுவும் ஏற்கப்படவில்லை, மாற்றி வரைந்தவையும் கட்டப்படவில்லை. எழுந்தது, இரட்டை இரட்டையாகத் தூண்கள் நேர்வரிசையில் நிற்கும் முகப்பு. பிரெஞ்சு பரோக்கின் தனித்தன்மையே இதுதான்: வெளியே நேர்கோடும் அளவும், உள்ளே ஒளியும் பகட்டும்.

கண்ணாடிக்கூடத்தைப் பாருங்கள். நீளம் 73 மீட்டர். ஒரு பக்கம் 17 சன்னல்கள், எதிரே 17 வளைவுகள், வளைவுக்கு 21 கண்ணாடிகளாக மொத்தம் 357. ஊதிச் செய்யும் முறையில் பெரிய தகடு கிடைக்காததால் சிறு துண்டுகளை இணைத்தார்கள். தோட்டத்து வெளிச்சம் அவற்றில் பட்டு, லெ ப்ரன் தீட்டிய விதானம் வரை திரும்புகிறது.

தமிழில் என்ன சொல்வது? 'மிகை அலங்காரப் பாணி' என்ற பெயர்ப்பு தவறானது. பழைய வசையை அது திரும்பக் கொண்டுவருகிறது, லூவ்ர் முகப்புக்கும் சற்றும் பொருந்தாது. 'கோணல்முத்துப் பாணி' சொல்லின் வேரைக் காட்டும், பாணியைக் காட்டாது. ஆகவே பெயரை ஒலிபெயர்த்து 'பரோக் பாணி' என்பதே சரி. 'பாரோக்' என்று நெடிலாக்க வேண்டாம், மூலத்தில் முதல் அசை குறில். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் 17-ஆம் நூற்றாண்டைச் 'செவ்வியல்' என்று அழைப்பதே வழக்கம் என்பதால், அந்நாட்டைப் பற்றி எழுதும்போது 'செவ்வியல் சார்ந்த பரோக்' என்பது இன்னும் துல்லியம். 1715-இல் லூயி இறந்தபின் பரவிய, சிப்பி வளைவுகளும் மென்னிறங்களும் கொண்ட அறை அலங்காரத்தை இதோடு சேர்த்துவிடக் கூடாது. அதன் பெயர் ரோகோகோ.